ஒரே சரிவு, வேறு வேறு ஆண்டு

மோசெல் ஆறு பிரான்சின் வோஷ் மலையில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையை ஒட்டி நடந்து, ஜெர்மனிக்குள் புகுந்து, கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 545 கிலோமீட்டர். டிரியர் நகரிலிருந்து கோப்லென்ஸுக்கு நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான் வரும்; ஆறோ கிட்டத்தட்ட அதைப்போல் இரு மடங்கு தூரம் சுற்றிக்கொண்டு போகிறது. மோசெல் ஒயினின் கதை இந்தச் சுற்றலில்தான் தொடங்குகிறது. ஆறு வளையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கரையில் மலை அறுபட்டுச் செங்குத்தாக நிற்கிறது; எதிர்க்கரையில் வண்டல் படிந்த தாழ்நிலம் விரிகிறது. அறுபட்ட மலைமுகம் தெற்கையோ தென்மேற்கையோ பார்த்தால் அங்கே திராட்சை. வடக்கைப் பார்த்தால் பெரும்பாலும் காடு. அடுத்த வளைவில் எல்லாம் இடம் மாறிவிடும். அதனால்தான் பல ஊர்களில் வீடுகள் ஒரு கரையிலும் அந்த ஊர்ப் பெயர் தாங்கிய நல்ல தோட்டம் மறுகரையிலும் கிடக்கின்றன.

இந்தப் பள்ளத்தாக்கு வட அட்சரேகை 50 பாகையை ஒட்டி இருக்கிறது. திராட்சை பழுக்கக்கூடிய கடைசி எல்லை என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட இடம். இங்கே வெயில் சாய்வாகத்தான் விழும். சமநிலத்தில் அது பரவி மெலிந்துபோகும். சரிந்து நிற்கும் மலை அதை நேர் முகமாக வாங்கிக்கொள்கிறது. கீழே ஆறு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரவுக் குளிரையும் சற்று மட்டுப்படுத்துகிறது. மிச்ச வேலையைக் கல் செய்கிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி, அழுந்தி, தகடு தகடாகப் பிளக்கும் கருநீலக் கல்லாகியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிப் பழகிய பழைய சிலேட்டுப் பலகையின் கல் இதே இனந்தான். பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளியே விடும். மண் என்று அள்ளிக் காட்ட இங்கே அதிகம் இல்லை. வேர் கல்லிடுக்குகளில் இறங்கி ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகிறது. அடைமழை பெய்தால் கல் சறுக்கிக் கீழே வந்துவிடும். அதைக் கூடையில் சுமந்து மறுபடி மேலே கொட்டுவதும் முன்பெல்லாம் குளிர்கால வேலைகளில் ஒன்று.

ஒரு கொடியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த ஊரின் உழைப்பு விளங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பந்தலேறிப் படர்வதைப் பார்த்த கண்ணுக்கு இது விநோதமாகத் தெரியும். இங்கே ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு முட்டுக்கம்பு, ஆளைவிட உயரமாக. குளிர்காலக் கவாத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இரண்டு நீண்ட கிளைகளை மட்டும் விடுகிறார்கள். வசந்தம் தொடங்கும் முன், காற்றில் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்து, அவற்றை இருபுறமும் வில்லாக வளைத்துக் கீழே கொண்டுவந்து கம்போடு கட்டுகிறார்கள். வறண்ட நாளில் வளைத்தால் கிளை முறியும். கட்டி முடித்த கொடி தூரத்திலிருந்து பார்க்க இதய வடிவில் தெரியும். கம்பி இழுத்து வரிசை கட்டாததற்குக் காரணம் உண்டு: செங்குத்தான மலையில் மேலும் கீழும் ஏறி இறங்க ஆளுக்கு முடியாது, கொடிகளுக்கு நடுவே குறுக்காகப் புகுந்து போகவேண்டும். பழம் பறிப்பதும் கையால்தான், சுமப்பது முதுகுக்கூடையில்தான். இப்போது பல சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சிறு பல்சக்கர வண்டி ஆளையும் கூடையையும் தூக்கிச் செல்கிறது. மருந்து தெளிக்க ஹெலிகாப்டரும் அண்மைக் காலத்தில் ட்ரோனும் வந்துவிட்டன. அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அப்படியிருந்தும் சமநிலத்தில் இயந்திரம் ஓட்டிச் செய்யும் வெள்ளாமையோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு ஹெக்டேருக்குப் பல மடங்கு மனித உழைப்பு இறங்குகிறது. பிரெம் என்ற ஊரின் அருகே கால்மோன்ட் மலைமுகம் சில இடங்களில் 65 பாகை அளவுக்குச் செங்குத்து. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று அது.

தோட்டங்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை. மெதுவாகப் பழுக்கும்; குளிரைத் தாங்கும்; பழுத்த பிறகும் புளிப்பை விட்டுவிடாது. கடைசிக் குணந்தான் மோசெல் ஒயினுக்கு முதுகெலும்பு. டிரியருக்கு மேலே, லக்சம்பர்க் எல்லையோரமாகப் போனால் சிலேட்டு மறைந்து சுண்ணாம்புக் கல் வந்துவிடுகிறது; அங்கே எல்ப்லிங் என்ற பழைய ரகம், புளிப்பும் எளிமையுமாக, அன்றாடக் குடிக்கு ஏற்றபடி விளைகிறது. துணையாறுகளான சாரும் ரூவரும் சற்றே குளிரான பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகள். நல்ல ஆண்டில் அவற்றின் ஒயின் கத்திபோல் கூர்மையாக இருக்கும். இந்த மூன்று ஆறுகளின் பெயரையும் சேர்த்தே வழங்கிவந்த பகுதிக்கு 2007 முதல் சுருக்கமாக மோசெல் என்றே சட்டப் பெயர்.

கொடியை இங்கே பெரிய அளவில் பரப்பியவர்கள் ரோமர்கள். டிரியர் அவர்கள் எழுப்பிய நகரம். நான்காம் நூற்றாண்டில் பேரரசர்கள் தங்கி ஆண்ட இடம். அரண்மனையும் படையும் இருந்தால் ஒயின் வேண்டும், தெற்கேயிருந்து சுமந்துவருவதைவிட இங்கேயே விளைவிப்பது மலிவு. பீஸ்போர்ட் ஊரில் 1985-ல் அந்தக் காலத்துப் பெரிய பிழிதொட்டிகள் வெளிப்பட்டன. நொய்மாகன் என்ற ஊரில் கிடைத்த, சுமார் கி.பி. 220-ஐச் சேர்ந்த கல்லறைச் சிற்பம் ஒன்று பீப்பாய்களை ஏற்றிய படகு; துடுப்புக்காரர்களின் முகம்கூடச் செதுக்கப்பட்டிருக்கிறது. அது இன்று டிரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டுக் கவிஞர் அவுசோனியஸ் இந்த ஆற்றைப் பற்றியே ஒரு நெடுங்கவிதை எழுதினார். மலைக்கொடிகள் ஆற்று நீரில் தலைகீழாகத் தெரியும் காட்சி அதில் வருகிறது. காற்றில்லாத மாலையில் அந்தக் காட்சி இன்றும் அப்படியே இருக்கிறது. 1964-ல் ஆறு பெருங்கப்பல்களுக்காகத் திறக்கப்பட்டபோது கட்டிய தடுப்பணைகள் நீரோட்டத்தை இன்னும் நிதானமாக்கிவிட்டன.

ரோமருக்குப் பின் தோட்டங்கள் மடங்களின் கைக்கு வந்தன. ரூவர் பள்ளத்தாக்கில் மாக்சிமின் குரூன்ஹவுஸ் என்ற ஒரே மலையில் மூன்று தோட்டங்கள்: மடாதிபதி மலை, துறவியர் மலை, சகோதரர் மலை. பெயரே படிநிலை. நல்ல விளைச்சல் மடாதிபதியின் மேசைக்கு, அடுத்தது பாடற்குழுத் துறவியருக்கு, அதற்கடுத்தது எடுபிடி வேலை செய்த சகோதரர்களுக்கு. இன்றும் புட்டியின் மேல் அதே மூன்று பெயர்கள் இருக்கின்றன. விலையும் ஏறக்குறைய அதே வரிசையில் ஏறுகிறது. கூஸ் ஊரில் 1401-ல் பிறந்த தத்துவ அறிஞரும் கர்தினாலுமான நிக்கோலஸ் குசானுஸ், வயதானவர்களுக்கென்று தம் ஊரில் ஓர் இல்லத்தை நிறுவி அதற்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார். அந்த இல்லம் இன்னும் நடக்கிறது. தோட்டமும் இருக்கிறது. கோவில் மானியம் என்பதன் பொருள் தெரிந்த எவருக்கும் இது நெருக்கமாகப் படும்.

1787-ல் டிரியரை ஆண்ட பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாவுஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகங்களை நடவேண்டும் என்று ஆணையிட்டார். ரீஸ்லிங் பெருகியதில் இந்த ஆணைக்குப் பெரும் பங்குண்டு. சில ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை வந்தது. மடங்களின் நிலங்கள் பறிமுதலாகி ஏலம் போயின. பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்ற வாரிசு முறை ஊன்றியது. நியாயமான முறைதான். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகி, ஒரே தோட்டத்தில் ஒருவருக்கு இங்கே நாற்பது கொடி, அங்கே அறுபது கொடி என்று ஆனது. 1815-ல் பிரஷ்யா இந்த நிலத்தைப் பெற்றது. முதலில் நல்ல சந்தை. 1834-ல் சுங்க ஒன்றியம் வந்து தெற்கத்தி ஒயின்கள் வரியில்லாமல் நுழைந்ததும் விலை சரிந்தது. குடியானவர்கள் கடனில் மூழ்கினர், பலர் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். இந்தத் துயரத்தை 1843-ல் ரைன் நாளிதழில் எழுதி அரசின் கோபத்துக்கு ஆளானவர் டிரியரில் பிறந்த இருபத்து நான்கு வயது இளைஞர், கார்ல் மார்க்ஸ். பொருளியல் கேள்விகளின் பக்கம் தம்மைத் திருப்பிய விஷயங்களுள் மோசெல் குடியானவர் நிலையும் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே குறித்திருக்கிறார். மூலதனத்தின் மீதான அந்தப் பெரும் விசாரணையின் வேர்களில் ஒன்று ஒரு திராட்சைச் சரிவில் இருக்கிறது என்பதை இந்த ஒயினை அருந்துவோர் மறக்க வேண்டியதில்லை.

அந்த வறுமைக்கு மருந்தாக டிரியரைச் சேர்ந்த லுட்விக் கால் 1850-களில் ஒரு முறையைப் பரப்பினார். வெயில் போதாத ஆண்டில் சாறு புளித்துத் தள்ளும்; அதில் சர்க்கரை நீரைக் கலந்து நொதிக்க விட்டால் குடிக்கத்தக்க ஒயின் கிடைக்கும். சிறு குடியானவர் பலர் இதனால் பிழைத்தார்கள். சர்க்கரை சேர்க்காத ஒயினே ஒயின் என்று நின்றவர்களும் இருந்தார்கள். 1908-ல் டிரியரில் கூடி ஏலச் சங்கம் அமைத்த தோட்டக்காரர்கள் அவர்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே சொல்லவேண்டும். ஒருவருக்கு வயிற்றுப்பாடு, மற்றவருக்கு நிலத்தின் குரல். 1900 வாக்கில் நல்ல மோசெல் ஒயின் போர்தோவின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின்களுக்கு ஈடான விலைக்குப் போயிற்று. எந்தச் சரிவு உசத்தி என்பதற்கும் ஆதாரம் இருந்தது: நிலவரிக்காகப் பிரஷ்ய அரசு எடுத்த கணக்கை வைத்து 1868-ல் வெளியான வரைபடம், வரி அதிகமான தோட்டங்களை அழுத்தமான வண்ணத்தில் காட்டியது. வரி வாங்க வரைந்த படம் சுவைக்கு வழிகாட்டி ஆனது. அந்த அழுத்தமான வண்ணத் திட்டுகள் இன்றைக்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன.

1971-ல் வந்த ஒயின் சட்டம் இந்த நுணுக்கத்தைப் பெருமளவு கலைத்துப்போட்டது. ஜெர்மனி முழுவதும் பல்லாயிரக் கணக்கில் இருந்த தோட்டப் பெயர்கள் ஏறத்தாழ 2,600 ஆகச் சுருக்கப்பட்டன. சிறு தோட்டங்கள் பக்கத்துப் பெரிய தோட்டத்தின் பெயருக்குள் மறைந்தன. இன்னொரு தவறு அதைவிடப் பெரியது. பல ஊர்களை ஒன்றாக அடைத்து ‘பெருந்தோட்டம்’ என்று ஒரு வகை உண்டாக்கி, அதற்குப் புகழ்பெற்ற ஊரின் பெயரையே முன்னொட்டாக வைக்க அனுமதித்தது சட்டம். பீஸ்போர்ட்டின் கோல்ட்ட்ரோப்ஷென், பொன்துளி என்று பொருள், ஆற்றை அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்கும் அருமையான செங்குத்துச் சரிவு. பீஸ்போர்ட்டின் மிஷெல்ஸ்பெர்க் என்பதோ பல ஊர்களின் சமநிலங்களையும் உள்ளடக்கிய பெருந்தோட்டம். இரண்டு பெயரும் ஒரே அமைப்பில் இருக்கும். தெரியாதவர் ஒன்றை மற்றொன்றாகவே எண்ணுவார். மலிவான, வெறும் தித்திப்பான ஒயின் பீஸ்போர்ட் என்ற பெயரில் உலகமெங்கும் போய் மோசெலின் மானத்தைக் குலைத்தது இப்படித்தான். 2021-ன் புதிய விதிகள் ஊரையும் தோட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டு பெயரிடும் முறைக்குத் திரும்ப முயல்கின்றன.

ஆகவே இப்பகுதியின் ஒயினைத் தொடர நினைப்பவர் முதலில் பழகவேண்டியது புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசிக்க. விளைந்த ஆண்டு, தோட்டக்காரர் பெயர், ஊர், தோட்டம், ரகம், தரம் என்று அது அடுக்கிச் சொல்கிறது. தரப் பெயர்கள் அறுவடையின்போது சாற்றில் இருந்த இனிப்பின்படி ஏறுகின்றன: கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ. ஷ்பேட்லேஸ என்றால் பிந்திய அறுவடை. அவுஸ்லேஸ என்றால் தேர்ந்தெடுத்த குலை. இவற்றுக்கு மேலே, பூஞ்சணம் படிந்து உலர்திராட்சைபோல் சுருங்கிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்யும் அரிய வகைகள் உண்டு. இனிப்பை அளக்க எக்ஸ்லே என்ற அளவு: ஒரு லிட்டர் சாறு 1,080 கிராம் இருந்தால் 80 எக்ஸ்லே, அதாவது தண்ணீரைவிட 80 கிராம் கூடுதல். இந்தத் தரப் பெயர் சாற்றின் இனிப்பைச் சொல்கிறதே தவிர, ஒயின் குடிக்கத் தித்திக்குமா என்பதைச் சொல்வதில்லை. இனிப்பு முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிட்டால் சீட்டில் ட்ரொக்கன் என்று இருக்கும், உலர்ந்தது என்று பொருள். அந்தச் சொல் இல்லாத கபினெட்டில் இனிப்பு மிச்சமிருக்கிறது என்று கொள்ளலாம். ஆல்கஹாலின் அளவைப் பார்த்தாலும் பிடிபடும். 8 சதவீதம் என்றிருந்தால் இனிப்பு உண்டு. 12 என்றால் பெரும்பாலும் இல்லை.

சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு நீண்ட எண் இருக்கும், யாரும் கவனிக்காத எண். அரசின் பரிசோதனைக் குழு சுவைத்து ஒப்புக்கொண்ட ஒவ்வொரு ஒயினுக்கும் தரப்படுவது. அதன் கடைசி இரு இலக்கம் பரிசோதித்த ஆண்டு. அதற்கு முந்தையவை அந்தத் தோட்டக்காரர் அவ்வாண்டு சமர்ப்பித்த ஒயின்களின் வரிசை எண். ஒரே ஆண்டு, ஒரே தோட்டம், ஒரே தரம் என்று அச்சில் ஒன்றாகத் தெரியும் இரு புட்டிகள் இந்த எண்ணில் வேறுபட்டால், இரண்டும் வேறு வேறு பீப்பாய். சில சமயம் ஒன்று முந்திய வாரம் பறித்தது, மற்றது சரிவின் மேல்பாகத்தில் விளைந்தது. ஃபூடர் எனப்படும் 1,000 லிட்டர் பழைய ஓக் பீப்பாய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நொதிக்கும் நிலவறைகளில் இது இயல்பு. இந்தப் பகுதியின் ஒயினில் ஆழ்ந்தவர்கள் பெயரைவிட இந்த எண்ணை நினைவு வைத்திருப்பார்கள்.

இளம் கபினெட் ஒன்றைக் கோப்பையில் ஊற்றினால் பச்சை சாயலோடு வெளிறிய பொன்னிறம். முதல் மோப்பத்தில் சில நேரம் தீக்குச்சி உரசிய வாடை, காட்டு ஈஸ்டில் நொதித்ததன் அடையாளம். கால் மணி நேரம் காற்றாட விட்டால் போய்விடும். பிறகு பச்சை ஆப்பிள், வெள்ளைப் பீச், எலுமிச்சைத் தோல், மழை விழுந்த சூடான கல். சிலேட்டின் சுவையே சாற்றில் ஏறிவிட்டதென்று மக்கள் சொல்வார்கள். கல் அப்படி நேரடியாகக் கரைந்து நாக்குக்கு வருவதில்லை என்பது மண்ணியல் அறிந்தோர் கருத்து. கல் தருவது வெப்பம், வடிகால், வேரின் பட்டினி. அவை வழியாகத்தான் சுவை மாறுகிறது. வாயில் வைத்ததும் இனிப்பு தெரிகிறது, தெரிந்த மறுகணமே புளிப்பு வந்து அதைத் துடைத்துவிடுகிறது. நல்ல மோசெல் என்றால் இந்த இழுபறி எந்தப் பக்கமும் சாயக்கூடாது. பழைய நாளில் இது தானாக நேர்ந்தது: நவம்பர் குளிரில் நிலவறை சில்லிட்டு நொதித்தல் பாதியில் நின்றுபோகும், இனிப்பு மிஞ்சும். இப்போது குளிர்வித்து வடிகட்டி வேண்டும் இடத்தில் நிறுத்துகிறார்கள். ஆல்கஹால் குறைவு, புளிப்பு தூக்கல், கொஞ்சம் தித்திப்பு என்பதால் இஞ்சியும் மிளகாயும் சேர்ந்த சமையலுக்கு இதைவிட இணக்கமான ஒயினைக் காண்பது அரிது.

பத்து ஆண்டு கழித்து அதே புட்டி வேறு ஆளாகியிருக்கும். நிறம் ஏறியிருக்கும். பழவாசனை பின்வாங்கி, தேன், உலர்ந்த ஆப்ரிகாட், தேன்மெழுகு என்று வரும். கூடவே மண்ணெண்ணெய் வாடை. முதல்முறை முகர்பவர் ஒயின் கெட்டுவிட்டதாக எண்ணுவார். அது ரீஸ்லிங் முதிர்வதன் அடையாளம். வெயில் நன்றாக ஏறிய தோலில் உள்ள பொருள்கள் காலப்போக்கில் மாறி அந்த மணத்தைத் தருகின்றன. அளவாக இருந்தால் அழகு, மிஞ்சினால் உறுத்தல். இனிப்பு எங்கும் போகவில்லை, அளந்தால் அதே அளவுதான். நாக்குக்கு மட்டும் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். இருபது வயது ஷ்பேட்லேஸ ஒன்றைப் பன்றி இறைச்சிக்கோ மான் இறைச்சிக்கோ துணையாக வைத்து அருந்துவோர் உண்டு. அந்த வயதில் அது இனிப்பு ஒயினாக நடந்துகொள்வதே இல்லை.

இங்கிருந்துதான் தொடர்தல் என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. பத்துத் தோட்டக்காரர்களின் ஒயினை ஒரே மாலையில் சுவைத்துவிட்டு மோசெல் தெரியும் என்று சொல்வது எளிது. ஆனால் ஒரே தோட்டக்காரரின், ஒரே சரிவின், ஒரே தர ஒயினை ஆண்டுதோறும் மூன்று புட்டி வாங்கி, ஒன்றை உடனே, ஒன்றை ஐந்தாம் ஆண்டில், ஒன்றைப் பத்துக்கு மேல் என்று அருந்திவருபவருக்கே வானிலை ஒயினாகும் விதம் பிடிபடும். 2003-ன் கொடும் வெயில் ஒயினை அகலமாக்கிற்று, புளிப்பைத் தாழ்த்திற்று. 2010 நேர்மாறு: பல்லைக் கூசவைக்கும் புளிப்பு, ஆனால் அதற்கு ஈடாகச் சாற்றின் செறிவு, அந்தப் புட்டிகள் பொறுத்தவருக்குத்தான் வாய் திறந்தன. 2018 வறண்டு வெயிலடித்த ஆண்டு, தாராளமான மகசூல். 2021-ல் குளிரும் மழையும், பூஞ்சண நோயோடு மல்லுக்கட்டிய கோடை. அவ்வாண்டுக் கபினெட்டுகள் மெலிந்து துலங்கி, முந்தைய தலைமுறை பழகிய மோசெலை நினைவூட்டின. நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்று மதிப்பெண் போடும் வழக்கம் இந்த வேறுபாடுகளை அழித்துவிடுகிறது. மெலிந்த ஆண்டுக்கும் ஒரு முகம் இருக்கிறது. அதைக் காண சரிவை ஏற்கெனவே தெரிந்திருக்கவேண்டும்.

மறுபக்கம், ஒரே ஆண்டைப் பிடித்துக்கொண்டு சரிவு சரிவாக நடப்பது. பெர்ன்காஸ்டலில் தொடங்கி கிராக் வழியாக ஸெல்டிங்கன் வரை வலக்கரையில் கொடிச்சரிவு விட்டுப்போகாமல் நீள்கிறது. நடுவில் வேலென் ஊரின் எதிர்க்கரையில், பாறைமுகத்தில் பெரிய வெள்ளைச் சூரியக் கடிகாரம் ஒன்று நிற்கிறது. சரிவில் வேலை செய்பவர்கள் நேரம் தெரிந்துகொள்ள 1842-ல் யோடோகுஸ் பிரியூம் அமைத்தது. தோட்டத்துக்கே அதன் பெயர் வந்துவிட்டது. அங்கே விளைவது நீலச் சிலேட்டின் ஒயின், மெல்லியது, பீச் மணம். பக்கத்து கிராக்கில் மண் சற்றுக் கனம். விண்ணரசு என்று பெயர் கொண்ட தோட்டத்தின் ஒயின் உடம்போடு வரும். இன்னும் கீழே யூர்ட்ஸிக் ஊரில் மலை திடீரென்று சிவந்துவிடுகிறது. நறுமணத் தோட்டம் என்று பொருள்படும் வியூர்ட்ஸ்கார்ட்டன் அங்கேதான். ஒயினில் வாசனைப் பொருள்களின் சாயல் வருகிறது, பெயர் பொய்யில்லை. புண்டெரிஷ் ஊரில் கிளெமென்ஸ் புஷ் குடும்பம் மரியென்பர்க் என்ற ஒரே தோட்டத்தை நீலம், சாம்பல், சிவப்பு என்று கல்லின் நிறத்தின்படி பிரித்துத் தனித்தனிப் புட்டியாக்குகிறது. 1971-ன் சட்டம் அழித்த பழைய துண்டுப் பெயர்கள் அந்தப் புட்டிகளில் திரும்பி வந்திருக்கின்றன. வின்னிங்கன் ஊரின் ஊலன் சரிவில் மூன்று பகுதிகள் 2018-ல் தனித்தனி மூலப்பெயர்ப் பாதுகாப்பே பெற்றன.

இந்த ஒயின்களை அருந்தச் சிறந்த இடம் தோட்டக்காரரின் வீடுதான். ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேற்படாமல், 40 இருக்கைக்கு மிகாமல், சொந்தத் தோட்டத்து ஒயினை மட்டும், எளிய உணவோடு தம் வீட்டிலேயே விற்க அவர்களுக்கு உரிமம் வேண்டியதில்லை. கடை திறந்திருக்கும் நாளில் வாசலில் ஒரு தழைக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதனாலேயே ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட், கொத்துக்கடை, என்று பெயர். முற்றத்திலோ மாட்டுக்கொட்டில் இருந்த இடத்திலோ நாலைந்து மேசை. ரொட்டி, பாலாடைக்கட்டி, உப்பிட்ட இறைச்சி. ஊற்றித் தருபவரே கவாத்துச் செய்தவர். மேசையில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தால் கோப்பையில் இருப்பது விளைந்த சரிவு எதிரே தெரியும். மறுமுனையில் டிரியரின் ஏலம். 1908-ன் சங்கத்து வாரிசுகள் இன்றும் நடத்துவது. சார் பள்ளத்தாக்கின் ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்க் சரிவில் எகோன் முல்லர் குடும்பம் செய்யும் பொறுக்கி எடுத்த உலர்மணி ஒயின் அங்கே ஒரு புட்டி 10,000 யூரோவைத் தாண்டியும் போயிருக்கிறது. அந்த விலை செய்தியாகும். ஆனால் பகுதியைத் தாங்கி நிற்பது கொத்துக்கடை மேசையில் விற்கும் புட்டிதான்.

வெப்பமேறும் காலம் இங்கே முதலில் நன்மையாக வந்தது. 1980, 1984, 1987 போல் பழம் பழுக்காமலே போன ஆண்டுகள் அதன்பின் நின்றுபோயின. இப்போது கவலை வேறு. முன்னதாகத் துளிர்க்கும் கொடியை ஏப்ரல் உறைபனி சுடுகிறது. 2024-ல் சார், ரூவர் தோட்டங்களுக்குப் பேரிழப்பு. கபினெட் செய்யப் போதுமான அளவே பழுத்த பழம் வேண்டும், அதைவிட இனித்துவிடுகிறது. குளிர்ந்த, ஒதுக்குப்புறமான, முன்பு யாரும் மதிக்காத தோட்டங்கள் அதனால் மதிப்புப் பெற்றுவருகின்றன. கொடியிலேயே உறைந்த பழத்தை இருட்டில் பறித்துப் பிழியும் பனி ஒயினுக்குக் குறைந்தது பூச்சியத்துக்குக் கீழே 7 பாகைக் குளிர் வேண்டும். 2019 விளைச்சலில் அந்தக் குளிர் வரவே இல்லை. ஜெர்மனியின் எல்லா ஒயின் பகுதிகளிலும் பனி ஒயின் பொய்த்தது.

அதைவிடப் பெரிய இழப்பு ஓசையில்லாமல் நடக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த மோசெல் தோட்டங்கள் இன்று சுமார் 8,500 ஹெக்டேர். முதலில் விடப்படுவது எப்போதும் செங்குத்துச் சரிவு. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள், புட்டியின் விலை உழைப்புக்குக் கட்டவில்லை. விட்ட மறு ஆண்டே முட்செடி ஏறுகிறது. சில ஆண்டுகளில் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர் புடைத்துச் சரிகிறது. அந்தச் சுவரிடுக்கில் வளரும் செடியைத் தின்று வாழும் அப்போல்லோ வண்ணத்துப்பூச்சியின் ஒரு துணையினம் கீழ் மோசெலில் மட்டுமே உண்டு, அதுவும் அருகிவிட்டது. யூர்ட்ஸிக்குக்கும் ஸெல்டிங்கனுக்கும் இடையே பள்ளத்தாக்கின் மேல் 158 மீட்டர் உயரத்தில் 2019-ல் திறந்த பெரும்பாலத்தை ஒயின் நேசர்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். மேலே காட்டை வெட்டிச் சாலை போட்டால் கீழே சரிவுக்கு இறங்கும் நீரோட்டம் மாறும் என்பது அவர்கள் அச்சம். பாலம் வந்துவிட்டது. ஒரு பாலம் எடுப்பதைக் காட்டிலும் கைவிடுதல் எடுத்துக்கொள்ளும் நிலம் பன்மடங்கு.

எல்லாச் சரிவும் போய்விடவில்லை. கால்மோன்ட் மலையில் முள் மூடிக்கிடந்த பகுதிகளைச் சுத்தம் செய்து, சுவரெடுத்து, தண்டவாளம் போட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மறுபடி ரீஸ்லிங் நட்டிருக்கிறார்கள். வேரழிக்கும் பூச்சி சிலேட்டில் எளிதில் பரவாததால் ஒட்டுப்போடாத நூற்றாண்டுக் கொடிகளும் பள்ளத்தாக்கில் அங்கங்கே பிழைத்திருக்கின்றன. அவற்றின் பழம் சிறுத்து, சாறு கெட்டியாக வரும். புதுக்கொடி நட்டால் மூன்றாம் ஆண்டில்தான் முதல் குலை. வேர் கல்லுக்குள் ஆழமாக இறங்க அதற்கப்புறம் பத்துப் பதினைந்து ஆண்டு. அந்தச் சரிவின் பெயர் தாங்கிய முதல் புட்டியையும் பதினைந்தாம் ஆண்டுப் புட்டியையும் பக்கத்தில் வைத்து அருந்துபவர், நடுவில் ஒவ்வொரு ஆண்டும் அதை வாங்கி வந்தவராக இருப்பார்.